எரிந்த மண்டபம்

பீஜிங் அரண்மனையின் பேரிசைவு மண்டபத்தை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். மூன்றடுக்கு வெண்பளிங்கு மேடை, மஞ்சள் ஓடு வேய்ந்த இரட்டைக் கூரை, 72 மரத் தூண்கள், நடுவே சிம்மாசனம். புத்தாண்டு, சக்கரவர்த்தியின் பிறந்தநாள், முடிசூட்டு விழா என்று விசேஷ தினங்களில் மட்டும் கூடிய சபை. இடியே விழுந்தாலும் அசையாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற வாரம் சரித்திரத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, இடிதான் விழுந்திருக்கிறது என்று. யோங்லே சக்கரவர்த்தி எழுப்பிய முதல் மண்டபம் 1420இல் முடிந்தது. 1421இல், புத்தாண்டுக் கொலு நடந்த சில மாதங்களுக்குள், மின்னல் தாக்கி அதுவும் பின்னாலிருந்த இரண்டு மண்டபங்களும் சாம்பலாயின. அதற்கு அப்போது என்ன பெயர் தெரியுமா? 'விண்ணைப் பணியும் மண்டபம்'!

சீனத்தில் சக்கரவர்த்தி விண்ணின் மைந்தன். விண்ணிலிருந்து நெருப்பு விழுந்தால் தகப்பன் பிள்ளையைக் கண்டிக்கிறான் என்று அர்த்தம். யோங்லே நடுங்கிப் போனார். தம் ஆட்சியின் பிழைகளை ஒளிக்காமல் சொல்லும்படி அதிகாரிகளுக்கு ஆணையிட்டார். ஸியாவ் யீ என்ற சிறிய அதிகாரி ஒளிக்காமல் சொன்னார்: தலைநகரை நான்ஜிங்கிலிருந்து இங்கே கொண்டுவந்ததே பிழை. அவருக்கு மரண தண்டனை கிடைத்தது.

கொடுங்கோலன் என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடலாம். என்னால் முடியவில்லை. அவர் கபடமாகக் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒப்புக்கொள்ளக்கூடிய குற்றங்களின் ஜாபிதா ஒன்று நம் எல்லாரிடமும் இருக்கிறது. எதன்மேல் வாழ்க்கையையே கட்டியிருக்கிறோமோ, அது மட்டும் அந்த ஜாபிதாவில் இராது.

ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதியை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, "தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்" என்றேன். நடை பற்றி, நீளம் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "கதாநாயகியிடம் உங்களுக்கே இரக்கம் இல்லையே" என்றார். என்னிடம் வாள் இல்லை. அதனால் அவர் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

யோங்லே 1424இல் இறக்கும்வரை அந்த இடம் பாழாகவே கிடந்தது. பிறகு அவருடைய கொள்ளுப்பேரன் காலத்தில், 1441இல், மண்டபம் மீண்டும் எழுந்தது. மறுபடியும் எரிந்தது, எழுந்தது. இன்று நிற்பது 1695இல் தொடங்கி 1697இல் முடித்தது. லியாங் ஜியூ என்ற தச்சர் முதலில் பத்தில் ஒரு பங்கு அளவில் சிறிய மாதிரி செய்து காட்டி, அதன்படி கட்டினாராம். மரத்துக்கு அந்த வசதி உண்டு. கணக்குத் தெரிந்த தச்சர் ஒருவர் இருந்தால் போதும்.

ஸியாவ் யீயைத் திரும்ப எழுப்ப எந்தத் தச்சரால் முடியும்?

என் நண்பர் நல்லவேளையாக உயிரோடு இருக்கிறார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நாளைக்குப் போகலாம் என்றிருக்கிறேன், பிரதியையும் எடுத்துக்கொண்டு.