ஐந்தாவது சீட்டின் அறம்

கணிதவியலாளரான ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி, அமெரிக்காவின் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993இல் வெளியிட்ட ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் சீட்டு விளையாட்டில், ஆடும் கருவியே விற்பனைச் சரக்காகவும் இருக்கிறது. வழக்கமான சீட்டாட்டத்தில் ஒரே கட்டு எல்லார்க்கும் பொதுவாக இருக்க, இதில் ஒவ்வொருவரும் தமக்குச் சொந்தமான சீட்டுகளிலிருந்து, பெரும்பாலும் அறுபது கொண்ட ஒரு கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு வருகின்றனர். சீட்டுகளோ உள்ளிருப்பது தெரியாத உறைகளில் விற்கப்படுவதால், வேண்டியதைப் பெறப் பிற ஆட்டக்காரரிடம் மாற்றிக்கொள்வதும் விலைக்கு வாங்குவதும் தவிர்க்க இயலாதவையாகின்றன. இதனால் சற்றுமுன் எதிராளிகளாக ஆடிய இருவரே, அதே மேசையில், வாங்குபவரும் விற்பவருமாக மாறுகின்றனர். ஆட்டத்தில் பாராட்டப்படும் மறைப்பு வணிகத்திலும் ஏற்புடையதுதானா என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

மந்திரங்களைச் செலுத்தத் தேவைப்படும் ஆற்றலுக்கு இவ்விளையாட்டில் மானா என்று பெயர். கையில் பயனுள்ள சீட்டு ஒன்றும் இல்லாதபோதும் மானாவைச் செலவிடாமல் வைத்துக்கொண்டு, எதிர்மந்திரம் ஒன்று காத்திருப்பதாக எதிராளியை அஞ்சவைப்பது தேர்ந்த ஆட்டக்காரரின் திறமையாகக் கருதப்படுகிறது. சீட்டு விலையை முன்கூட்டிக் கணித்து வாங்கும் ஊக வணிகரின் அறிவும் இதே மண்ணில் விளைவதுதான். 2006இல் வெளிவந்த ‘டார்க் டெப்த்ஸ்’ என்னும் நிலச்சீட்டு பத்துப் பனிக்குறிகளோடு களத்துக்கு வரும். குறி ஒன்றுக்கு மூன்று மானா வீதம் முப்பது மானா செலவிட்டு அனைத்தையும் நீக்கினால்தான் அது அழிக்கவொண்ணாத ஒரு பெரும்பூதத்தைத் தரும் என்பதால், அதை விரும்பி ஆடியவர் குறைவு. 2009இல் வந்த ‘வாம்பயர் ஹெக்ஸ்மேஜ்’ என்ற இரண்டு மானாச் சீட்டோ, தன்னையே பலியிட்டு எல்லாக் குறிகளையும் ஒருசேர அகற்ற வல்லது. பழைய சீட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆயினும் அதன் மதிப்பு மாறிவிட்டது. இந்த இணைப்பை முதலில் கண்டுகொண்ட ஒருவர், அதை அறியாத மற்றொருவரின் தொகுப்பேட்டிலிருந்து அச்சீட்டைப் பழைய விலைக்குக் கேட்டு வாங்கினால், அவர் செய்தது திறமையா, வஞ்சனையா?

வினா மிகப் பழையது. பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து தானியம் கொண்டுவரும் வணிகர், பின்னால் வேறு கப்பல்களும் வருகின்றன என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவரா என்று ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ தம் அறநூலில் வினவுகிறார். வாய்திறவாமை வேறு, மறைத்தல் வேறு என்று ஸ்டோயிக் மெய்யியல் மரபின் டயோஜெனீஸ் வாதிட, அவருடைய மாணவர் அந்திபாத்தர் அனைத்தையும் வெளிப்படுத்த வேண்டும் என்கிறார். சிசரோவின் தீர்ப்பு மாணவர் பக்கமே சாய்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கிறித்துவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், நடப்பு விலைக்கு விற்பவர் வருங்கால விலைவீழ்ச்சியைச் சொல்லாதிருப்பது நீதிக்கு மாறானதன்று, சொன்னால் அது மேலான பண்பு என்று சற்றே நெகிழ்ந்து கொடுக்கிறார். சீட்டு மேசையிலோ அறிந்தவர் பெரும்பாலும் வாங்குபவர். அதற்கு நெருக்கமான முன்மாதிரி, பழங்காலக் கிறித்துவ இறையியலாளர் அகஸ்டீன் குறிப்பிடும் மனிதர்: கையெழுத்துப் படி ஒன்றின் மதிப்பை அறியாத விற்பனையாளர் குறைந்த விலை கேட்டபோதும், அவர் தாமாகவே நியாயமான விலையைக் கொடுத்தார். எனினும் படியின் மதிப்பு அன்றே நிலைபெற்றிருந்தது; சீட்டின் மதிப்போ இனிமேல் உருவாகப் போவது. ஆகவே அகஸ்டீனின் மனிதரைக் கொண்டு மட்டும் ஊக வணிகரைக் குற்றவாளியாக்கிவிட முடியாது.

இதைவிட ஆழமாக வழிகாட்டுவது யூதச் சட்ட மரபாகும். சந்தை விலையிலிருந்து ஆறில் ஒரு பங்குக்கு மேல் விலகிய விற்பனையை அம்மரபு செல்லாததாக்குகிறது. இவ்விதி விற்பவரைப் போலவே வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். ஆனால் கால்நடைக்கும் முத்துக்கும் இது பொருந்தாது என்கிறார் ரப்பி யூதா; ஏனெனில் தம்மிடமுள்ள எருதுக்கோ முத்துக்கோ இணை தேடுபவருக்கு அதன் மதிப்பு சந்தை மதிப்பாக இராது என்று அம்மரபின் மூலநூலான தல்மூத் விளக்குகிறது. சீட்டும் இணை தேடும் பொருளே. ஆனால் ஒரே சீட்டின் நான்கு படிகளுக்கு மேல் ஒரு கட்டில் சேர்க்கக்கூடாது என்பது இவ்விளையாட்டின் பொதுவிதி. நான்காவது படி வரை வாங்குபவர் தம் முத்துக்கு இணை தேடுகிறார். அவர் தம் கட்டின் இரகசியத்தைக் காப்பது, நாளை எதிரே அமரப்போகும் அதே மனிதரோடு அவர் ஆடும் ஆட்டத்தின் பகுதி. ஐந்தாவது படியோ பிறருடைய தேவையை முன்கூட்டியே கைப்பற்றுவது. ஆட்டம் அளித்த மறைப்புரிமை அதைக் காக்காது, ஏனெனில் விற்பவர் அத்தகைய ஆட்டத்துக்கு இசைந்து அமரவில்லை. இவ்விளையாட்டின் தொடக்க விதிகளில் இருவரும் ஆளுக்கொரு சீட்டைப் பணயம் வைக்கும் முறை இருந்து, சூதாட்டம் என்ற ஐயத்தால் பின்னர் கைவிடப்பட்டது. இழக்கப்போவது இன்னதென இருவருக்கும் தெரிந்திருந்த அந்தப் பணயமே இதைவிட நேர்மையானது என்று சொல்லத் தோன்றுகிறது.

தாம் இழப்பையும் ஏற்பதால் ஊதியத்துக்கு உரியவர் என்பது ஊக வணிகரின் வலுவான மறுமொழி. மறுபதிப்பு வந்தால் விலை சரியக்கூடும் என்பதால், பெரும்பாலான சீட்டுகளுக்கு அது பொருந்தும். டார்க் டெப்த்ஸே 2018இல் மீண்டும் அச்சிடப்பட்டது. ஆனால் 1995இன் மறுபதிப்புகளால் சேகரிப்பாளர்கள் சினந்ததை அடுத்து, குறிப்பிட்ட சில சீட்டுகளை இனி ஒருபோதும் அச்சிடுவதில்லை என்று நிறுவனம் 1996இல் வாக்களித்தது. ‘பிளாக் லோட்டஸ்’ உள்ளிட்ட அச்சீட்டுகளைப் பொறுத்தவரை மறுபதிப்பு என்னும் இடர் அகன்றுவிட்டது. அதற்கான விலையை, அந்த வாக்குறுதி அளிக்கப்பட்ட காலத்தில் இவ்விளையாட்டை அறியாதிருந்த புதிய ஆட்டக்காரர்களும் செலுத்தி வருகின்றனர்.