அளந்தறியும் அறம்

சமநீதி என்னும் சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். அனைவரையும் ஒன்றுபோல் நடத்துவதே நீதி என்பர் சிலர். அவரவர் தேவையறிந்து வழங்குவதே நீதி என்பர் வேறு சிலர். இவ்விரண்டனுள் எது ஏற்புடையது? இவ்வினாவிற்கு விடை காணப் பெருநூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. காலில் அணியும் காலுறை ஒன்றே போதிய சான்றாகும். காலுறை மிக எளிய பொருள். ஆயினும் இருவர் பாதங்கள் முற்றும் ஒத்திருப்பதில்லை. ஒருவருடைய இடப்பாதமும் வலப்பாதமுமே அளவில் வேறுபடுவதுண்டு. இத்தகைய பாதங்களுக்கு உறை செய்யப் புகுந்த மனிதன் கண்ட வழிகளை நோக்கினால், நீதியைப் பற்றிய ஓர் உண்மை புலப்படும்.

முற்காலத்தில் ஐரோப்பாவில் காலுறைகள் கையாலேயே பின்னப்பட்டன. 1589ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்காம்சயர் பகுதியைச் சார்ந்த வில்லியம் லீ என்பார் காலுறை பின்னும் பொறியொன்றை அமைத்தார். 1840களின் இறுதியில் மாத்யூ டவுன்செண்ட் என்பார் திறந்து மூடும் சிறு நாக்குடைய ஊசியை உருவாக்கினார். இவ்வூசியைக் கொண்டே பிற்காலத்தில் வீட்டில் வைத்து இயக்கத்தக்க சிறு வட்டப்பின்னல் பொறிகள் தோன்றின. கனடாவின் ஜார்ஜ்டவுன் நகரில் கிரீல்மன் சகோதரர்களும், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக் கிளியர்ஃபீல்டு நகரில் கியர்ஹார்ட் நிறுவனத்தாரும், நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரில் ஆட்டோ நிட்டர் நிறுவனத்தாரும் இவற்றைச் செய்து விற்றனர். நூறாண்டு கடந்த அப்பொறிகள் சிலவற்றைத் துரு நீக்கி, எண்ணெயிட்டு, இன்றும் காலுறை பின்னுவோர் அந்நாடுகளில் உளர்.

அப்பொறியின் அமைப்பு கடினமானதன்று. மேசை விளிம்பில் திருகிப் பொருத்தப்படும் இரும்பு உருளையொன்று. அதன் புறத்தே செங்குத்தான பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஓர் ஊசி. கைப்பிடியைச் சுழற்றினால் ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, நூலைப் பற்றி, தாழ்ந்து, பழைய கண்ணியினூடே புதிய கண்ணியை இழுக்கின்றன. கீழே தொங்கும் எடைக்கல் பின்னலை இழுத்துப் பிடித்திருக்கும். எடை குறைந்தாலோ ஊசியின் நாக்கு மூடத் தவறினாலோ ஒரு கண்ணி நழுவும். நழுவிய கண்ணியைக் கவனியாது விட்டால், அது கீழ்நோக்கி அவிழ்ந்துகொண்டே செல்லும்.

இனி, இப்பொறியில் ஒருவர் காலுக்கேற்ற உறையைப் பின்னுவது எங்ஙனம்? உருளையிலுள்ள ஊசிகளின் எண்ணிக்கையைப் பின்னுகின்றவர் விரும்பியவாறு மாற்றவியலாது. 60 ஊசியுடைய உருளையானால் 60 கண்ணிகளே ஒரு சுற்று. ஆனால் கண்ணியின் நீளத்தை மாற்றலாம். ஒரு திருகைச் சற்றே தளர்த்தினால் கண்ணி பெரிதாகும், இறுக்கினால் சிறிதாகும். கெண்டைக்கால் பருத்த இடத்தில் தளர்த்தியும், கணுக்கால் மெலிந்த இடத்தில் இறுக்கியும் பின்னுவர். பாதத்தின் நீளத்திற்கேற்பச் சுற்றுகளைக் கூட்டுவர், குறைப்பர். மாற்றவியலாததை ஏற்று, மாற்றத்தக்கதை அறிந்து மாற்றுதலே இங்குத் திறமை எனப்படுவது.

எனினும் இப்பணியின் உயிர்நிலை குதிகாலில் உள்ளது. கணைக்காலும் பாதமும் நேரானவை. அங்கெல்லாம் கைப்பிடியை ஒரே திசையில் சுழற்றிக்கொண்டே இருக்கலாம். குதிகாலில் கால் வளைகிறது. அங்கே பின்னுகின்றவர் பொறியை நிறுத்துகிறார். 60 ஊசிகளில் 30 ஊசிகளை உயர்த்தி ஓய்வில் வைக்கிறார். எஞ்சிய 30 ஊசிகளில் கைப்பிடியை முன்னும் பின்னுமாக ஆட்டி, வரிசைக்கு ஓர் ஊசியாக உயர்த்திக்கொண்டே வந்து, ஏறக்குறைய 10 ஊசிகள் எஞ்சியதும், உயர்த்தியவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் தாழ்த்துகிறார். அப்போதுதான் குதிகாலுக்குரிய கிண்ணம் போன்ற வடிவம் உண்டாகிறது. எத்தனை ஊசி வரை குறைப்பது என்பதை அந்தக் குதிகாலின் அளவே கூறவேண்டும். விரல் நுனியையும் இவ்வாறே வளைத்து, இறுதியில் மேடு தோன்றாதவாறு ஊசியும் நூலும் கொண்டு கையால் இணைக்கின்றனர்.

இதனை எண்ணிப் பார்க்குங்கால் ஒன்று தெளிவாகிறது. பொறியைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமையே குற்றம்.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. 1811, 1812ஆம் ஆண்டுகளில் நாட்டிங்காம்சயரில் காலுறைத் தொழிலாளர் பொறிகளை உடைத்தனர். லட்டைட்டுகள் எனப்பட்ட அவர்களை இயந்திரத்தின் பகைவர் என்று பலர் இன்றும் கருதுகின்றனர். ஆனால் அவர்தம் முன்னோர் இரண்டு நூற்றாண்டுகளாகப் பொறியைக் கொண்டே பிழைத்தவர் அல்லரோ? அவர்களுடைய குறைகள் பல. கூலிக்குறைப்பு அவற்றுள் ஒன்று. மற்றொன்று நம் கருத்திற்குரியது. சில முதலாளிகள் அகன்ற பொறிகளில் துணியை மொத்தமாகப் பின்னி, காலுறை வடிவில் வெட்டி, ஓரத்தைத் தைத்து விற்றனர். விளிம்பு கட்டப்படாத அவ்வுறைகள் தையல் விட்டுப் பிரிந்தன. வாங்கியவர் ஏமாந்தார், செய்தவரின் தொழிலுக்கும் இழுக்கு நேர்ந்தது. 1812இல் பொறி உடைப்போர்க்கு மரணதண்டனை விதிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதனை எதிர்த்துப் பேசினார்; எனினும் சட்டம் நிறைவேறியது. உடைத்தலும் வன்செயலே, அதற்கு உயிரைப் பறித்தலோ அதனினும் கொடிய வன்செயல். ஆயினும் அத்தொழிலாளர் எழுப்பிய வினா மட்டும் அழியவில்லை: அணிகின்றவனை மறந்து செய்யப்படும் பொருளை நற்பொருள் எனலாமோ?

இங்கே மறுப்பொன்று எழும். "ஒவ்வொரு காலையும் அளந்து பின்னினால் ஊருக்கெல்லாம் காலுறை கிடைக்குமா? பொது அளவில் மலிவாகச் செய்ததனால் அன்றோ ஏழையின் காலும் குளிருக்குத் தப்பியது?" இம்மறுப்பு நியாயமானதே. பொது அளவு என்பது பலருக்குச் செய்யப்பட்ட பேருதவி. அதனை இகழ்வது நன்றியின்மையாகும். மேலும், 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்பார் நன்கு நீண்டு சுருங்கும் ஸ்பாண்டெக்ஸ் இழையைக் கண்டறிந்தார். நைலான் போன்ற இழைகளோடு அதுவும் சேர்ந்தபின், ஒரே காலுறை சிறிய பாதத்திற்கும் பெரிய பாதத்திற்கும் உதவலாயிற்று. அளக்கவேண்டிய தேவையே நீங்கிவிட்டது போலத் தோன்றியது.

ஆனால் நீள்வது வேறு, பொருந்துவது வேறு. நீளும் இழை பாதத்தை அறிவதில்லை, அதனைப் பொறுத்துக்கொள்கிறது, பொறுத்துக்கொண்டே இறுக்கவும் செய்கிறது. நலமுள்ளவர்க்கு இவ்வேறுபாடு பெரிதன்று. உறுத்தினால் கழற்றி எறிவார். நீரிழிவு நோயினால் கால் நரம்புகள் உணர்விழந்தவரை எண்ணிப் பாருங்கள். காலுறையின் மடிப்போ விரல் நுனித் தையலின் மேடோ உராய்ந்தால் அவருக்கு வலி தோன்றாது. வலி இன்மையால் அவர் கவனிப்பதில்லை. சிறு உராய்வு புண்ணாகி, புண் ஆறாது முற்றி, காலையே இழக்க நேர்ந்தவரும் உண்டு. வீக்கமுற்ற கால்களை உடைய முதியோர்க்கு இறுகிய மேல்விளிம்பு தோலில் ஆழப் பதிகிறது. இத்தகையோர்க்கு ஏற்ற தளர்வும், மேடற்ற இணைப்பும் ஆடம்பரம் அல்ல, பாதுகாப்பு.

பொது அளவு என்னும் ஏற்பாடு ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது: பொருந்தாதவன் முறையிடுவான் என்பதே அது. முறையிட இயலாத பாதத்திற்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை. முறையீடு வருமுன் சென்று கேட்பதும் அளப்பதுமே அத்தகையோர்க்குச் செய்யும் நீதி. ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை இதுவாகும்: ஒரே அளவு வழங்குதலும் அளந்து வழங்குதலும் பகையல்ல. நேரான இடங்களில் பொது அளவு போதும். அங்குச் சுழற்சியை நிறுத்துவது வீண். வளையும் இடத்தில் அளக்கவேண்டும். அங்கு நிறுத்தாமல் சுழற்றுவது கொடுமை.

இது காலுறையோடு முடிவதன்று. இல்லத்தில் எல்லார்க்கும் ஒரே உணவைச் சமைக்கிறோம், அது முறையே. பல்லிழந்த பாட்டியார் "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று ஒதுங்கினால், அவ்விடம் குதிகால். வகுப்பில் ஆசிரியர் அனைவர்க்கும் ஒரே பாடம் நடத்துகிறார், அதுவும் முறையே. விளங்காமல் வாய்மூடி அமர்ந்திருக்கும் மாணவன் குதிகால். கேளாதவர்க்குக் குறையில்லை என்று நாம் எளிதாக முடிவு செய்துவிடுகிறோம். பொருந்தாதபோது பாதத்தையே குறை கூறுவதும் நம் வழக்கம். "இவர் ஒருவருக்கு மட்டும் எதுவும் ஒத்துவருவதில்லை" என்று சொல்லாத வீடு எது?

எல்லோரையும் எப்போதும் அளந்துகொண்டிருக்க நம்மால் இயலாது. நமக்குள்ள காலமும் ஆற்றலும் ஊசிகளின் எண்ணிக்கை போன்று வரையறுக்கப்பட்டவை. ஆனால் கண்ணியைச் சற்றுத் தளர்த்தும் திருகு நம் கையில்தான் இருக்கிறது. எவ்விடத்தில் கைப்பிடியை நிறுத்தவேண்டும் என்று அறிந்து, அங்கே ஒரு கணம் நிறுத்தி, எதிரிலிருப்பவரை உள்ளபடி நோக்குவோமாக. சமநீதி என்னும் பெருஞ்சொல் அக்கணத்தில்தான் பொருள் பெறுகிறது.