தள்ளி வைப்பது தவக்குலுக்கு முரணா?

"அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போட்டுவிட்டுக் காரியத்தில் இறங்க வேண்டியதுதானே! மழையென்றும் காற்றென்றும் பார்த்துப் பின்வாங்குவது ஈமானுடையவனுக்கு அழகா?" என்று கேட்பவர்களை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். கேட்பதற்கு இது வீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் மார்க்கம் கற்பிக்கும் தவக்குல் இதுதானா? நமக்குப் பழக்கமில்லாத ஒரு துறையிலிருந்து உதாரணம் எடுத்துச் சிந்திப்போம்.

அமெரிக்காவில் விமானம் ஓட்டப் பழகும் ஒரு வாலிபரை மனத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள். தனியார் விமானி உரிமம் பெறக் குறைந்தது 40 மணி நேரமாவது அவர் பறந்திருக்க வேண்டும். அதற்கு மாதக் கணக்கில் உழைத்திருக்கிறார். பணமும் நிறையச் செலவழிந்திருக்கிறது. கடைசியில் செய்முறைத் தேர்வுக்கு நாள் குறித்தாயிற்று. தேர்வாளரும் வந்துவிட்டார். முதலில் தரையில் அமர்ந்து கேள்வி பதில். பிறகு ஆகாயத்தில் பறந்து காட்ட வேண்டும். கேள்வி பதில் நல்லபடி முடிகிறது. வெளியே வந்து பார்த்தால் மேகம் தாழ்ந்து கிடக்கிறது, காற்று சுழன்றடிக்கிறது. இப்போது அவர் என்ன செய்ய வேண்டும்?

இங்கேதான் கவனிக்கத்தக்க ஒரு சட்டம் இருக்கிறது. தேர்வின்போது விமானத்தின் பொறுப்பாளர் தேர்வாளரல்லர்; அவரே அப்பொறுப்பை ஏற்க ஒப்புக்கொண்டாலொழிய, தேர்வு எழுதும் மாணவரே பொறுப்பாளர். அதாவது, பறக்கலாமா கூடாதா என்று தீர்மானிப்பதும் தேர்வைச் சேர்ந்ததே! "இன்று வேண்டாம்" என்று அவர் சொன்னால் அது தோல்வியாகக் கணக்கிடப்படுவதில்லை. வானிலையை முன்னிட்டுத் தேர்வு நிறுத்தப்பட்டது என்று ஒரு கடிதம் தரப்படும். அதுவரை தேறிய பகுதிகள் அவர் கணக்கில் நிற்கும். ஆனால் ஒரு நிபந்தனை: மீதியை 60 நாட்களுக்குள் முடித்தாக வேண்டும். தவறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இந்த ஏற்பாட்டைப் படித்தபோது நமக்கு நோன்பின் சட்டம் நினைவுக்கு வந்தது. நோயாளிக்கும் பிரயாணிக்கும் ரமளானில் நோன்பை விட்டுவிட அனுமதியுண்டு. ஆனால் கடமை போய்விடவில்லை. வேறு நாட்களில் எண்ணிக்கையைப் பூர்த்தி செய்ய வேண்டும். காரணமின்றி அந்தக் களாவை அடுத்த ரமளான் வரை இழுத்தடித்தால், ஷாஃபி மத்ஹபில் ஃபித்யாவும் சேர்ந்து கொள்கிறது. சலுகையும் உண்டு, தவணையும் உண்டு!

தொழுகைக்கு வருவோம். ஒரு மழை நாளில் ஹஜ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், தொழுகைக்கு வாருங்கள் என்று அழைக்க வேண்டிய இடத்தில், உங்கள் வீடுகளிலேயே தொழுது கொள்ளுங்கள் என்று சொல்லும்படி மோதினாருக்கு உத்தரவிட்டார்கள். மக்கள் அதை விநோதமாகப் பார்த்தார்கள். தம்மைவிட மேலானவரான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்றும், சேற்றிலும் சறுக்கலிலும் மக்களை நடக்க வைக்கத் தமக்கு விருப்பமில்லை என்றும் அவர்கள் விளக்கினார்கள். அது ஜும்ஆ நாள்! சேற்றுக்காக ஜும்ஆவின் அழைப்பிலேயே சலுகை தரும் மார்க்கம், உயிருக்கே ஆபத்தான வானத்தில் ஏறிக் காட்டு என்று சொல்லுமா?

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் நோக்கிச் சென்றபோது அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. ஸஹாபாக்களைக் கலந்தாலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று ஹஜ்ரத் அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். விமானத்தை எடுப்பது மட்டும் களாகத்ர், எடுக்காமல் நிறுத்துவது களாகத்ர் அல்ல என்று நினைப்பவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது.

அப்படியானால் எதையும் தள்ளிப் போடலாமா? கூடாது! "தவ்பாவை நாளைக்குச் செய்யலாம், கடனை அடுத்த மாதம் தீர்க்கலாம்" என்பவனும் தள்ளித்தான் போடுகிறான். ஆகவே உஜ்ரு எது, சோம்பல் எது என்று பிரித்தறிய உரைகல் வேண்டும். அந்த விமானியிடமிருந்தே மூன்றை எடுத்துக் கொள்ளலாம்.

ஒன்று, காரணம் மனத்துக்கு வெளியே இருக்க வேண்டும். மேகம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. "மனசு சரியில்லை" என்பது மேகமல்ல.

இரண்டு, அளவுகோல் ஆசைக்கு முந்தியதாக இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து ஓட்டும் விமானிக்கு, பார்வை எட்டும் தூரம் பொதுவாக 3 மைலுக்குக் குறையக் கூடாது, மேகத்துக்கு 500 அடியாவது கீழே பறக்க வேண்டும் என்று விதிகள் உள்ளன. அதற்கும் மேலாக, தன் திறமைக்கேற்ற எல்லையை வீட்டிலேயே நிதானமாக எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லித் தருகிறார்கள். ஏனெனில் அந்த நாளில் அவசரம் வந்து நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்து கொள்ளும்!

மூன்று, மறுநாள் குறிக்கப்பட வேண்டும். தவணையில்லாத ஒத்திவைப்பு கைவிடுதலின் மறுபெயர்.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு 1977 மார்ச் 27-ல் டெனரீஃப் தீவில் நடந்த விபத்தே போதும். தாமதம், பணி நேரம் முடியப் போகிறதே என்ற நெருக்கடி, ஓடுபாதையில் சூழ்ந்த மேகமூட்டம். ஹாலந்து விமானத்தின் தலைமை விமானி, அனுமதி கிடைக்கு முன்பே புறப்பட ஆரம்பித்தார். மற்ற விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று அவருடன் இருந்த பொறியாளர் சந்தேகம் கேட்டும் அவர் நிற்கவில்லை. மாண்டவர்கள் 583 பேர். அவரோ மற்ற விமானிகளுக்குப் பயிற்சியளித்தவர்!

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். சில வருடங்களுக்கு முன் அடைமழை நாளொன்றில், பக்கத்து ஊரில் பயான் செய்ய ஒப்புக் கொண்டிருந்தோம். "ஹஜ்ரத், தரைப்பாலத்தில் தண்ணீர் போகிறது, நாளைக்குப் போகலாமே" என்றார் கார் ஓட்டுநர். "பிஸ்மில்லாஹ் சொல்லி எடுங்கள்" என்றோம். பாலத்தின் நடுவில் வண்டி நின்றது; தண்ணீர் இருக்கைக்கு ஏறியது. ஊர்க்காரர்கள் கயிறு கட்டி இழுத்துக் காப்பாற்றினார்கள். அன்றிரவு கூட்டத்தில் நம் தவக்குலை எல்லோரும் புகழ்ந்தார்கள். ஓட்டுநரோ ஓரமாக நனைந்த உடையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு மூன்று குழந்தைகள். நம்மை அந்தத் தண்ணீரில் இறக்கியது தவக்குலா, "மழைக்குப் பயந்துவிட்டார்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற நஃப்ஸா? பதில் நமக்குத் தெரியும். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். விமானத்தைக் கயிறு போட்டுத் தரையில் கட்டிவிட்டு, வானம் தெளியும் நாளுக்காகத் துஆச் செய்துகொண்டு வீடு திரும்பும் அந்த வாலிபரும் தவக்குல் உடையவரே. தேர்வின் ஒரு பகுதியில் அவர் அன்றே தேறிவிட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

துணிய வேண்டிய இடத்தில் துணிவையும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.