வளர்த்தவரும் நாயன்மார்தான்



அடுத்த முறை சிவன் கோயிலுக்குப் போகும்போது, பிரகாரத்தில் வரிசையாக நிற்கும் அறுபத்துமூவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அதில் சுந்தரர் இருக்கிறார். அவரைப் பெற்ற சடையனாரும் இசைஞானியாரும் இருக்கிறார்கள். அவரை வளர்த்த நரசிங்கமுனையரையரும் இருக்கிறார். பெற்றவர்களுக்கும் வளர்த்தவருக்கும் ஒரே வரிசை, ஒரே வணக்கம்.

திருநாவலூர்த் தெருவில் சின்னத் தேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை அந்தச் சிற்றரசர் பார்த்தார். பெற்றவர்களிடம் முறையாகக் கேட்டு, தம் பிள்ளையாக வளர்த்தார். ஆனால் அந்தப் பிள்ளையின் குலவழக்கத்தை மாற்றவில்லை; பெற்றவர்களிடமிருந்து பிரிக்கவும் இல்லை. கல்யாண வயது வந்ததும் பெண் பேசி முடித்தவர் சடையனார்தான். இன்றைக்கு 'வளர்ப்புப் பெற்றோர்' என்று சொல்கிறோமே, அதன் இலக்கணம் இதுதான்.

அப்படி வளர்ந்த சுந்தரர் பிறகு என்ன செய்தார்? கோட்புலி நாயனார் தம் மகள்கள் சிங்கடி, வனப்பகை இருவரையும் பணிப்பெண்களாக ஏற்கச் சொன்னபோது, "இவர்கள் என் பிள்ளைகள்" என்றார். தம் பதிகங்களில் சிங்கடிக்கு அப்பன், வனப்பகைக்கு அப்பன் என்று தம்மைச் சொல்லிக்கொண்டார். அக்கா தங்கையைப் பிரிக்காமல் ஒன்றாக ஏற்ற அப்பா அவர்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிறோம். அங்கே நிற்கும் முருகனுக்குப் பால் கொடுத்தவர்கள் ஆறு கார்த்திகைப் பெண்கள். அதனால்தான் அவனுக்குக் கார்த்திகேயன் என்று பேர். இதையெல்லாம் கும்பிடுகிற நம்ம வீட்டில்தான், "யார் பெத்த பிள்ளையோ, என்ன ரத்தமோ" என்ற பேச்சும் வருகிறது. இது சமயம் சொன்னதா? இல்லை.

நம் பினாங்கில் ஸ்காட்லாந்து ரோடு ராமகிருஷ்ண ஆசிரமம் போன்ற இடங்கள் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வருகின்றன. அது பெரிய புண்ணியம். தீபாவளி நெருங்கினால் நாமும் முறுக்கு டின்னோடு இல்லங்களுக்குப் போகிறோம், படம் எடுக்கிறோம், திரும்புகிறோம். மார்ச் மாதம் யார் போகிறார்கள்? பிள்ளைக்கு வேண்டியது ஒரு நாள் விருந்து அல்ல. "ஸ்கூல் எப்படிம்மா இருந்துச்சு?" என்று தினமும் கேட்கிற ஒரு ஆள்.

நான் பேசிய தம்பதிகள் பலர் கைக்குழந்தைதான் வேண்டும் என்கிறார்கள். எட்டு வயதுப் பையனும், தம்பியை விட்டுப் பிரிய மாட்டேன் என்கிற அக்காவும் இல்லத்திலேயே வளர்ந்துவிடுகிறார்கள். நரசிங்கமுனையரையர் கூட்டிப்போனது தொட்டில் பிள்ளையை அல்ல. தெருவில் ஓடி விளையாடிய பிள்ளையை.

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்படி, பெற்றோர் இல்லாத அல்லது கைவிடப்பட்ட பிள்ளையை, சமூகநல இலாகா தகுதியானவர் என்று கண்ட வளர்ப்புப் பெற்றோரிடம் நீதிமன்றம் ஒப்படைக்கலாம். அது இரண்டு ஆண்டுகள் வரைக்கும். அதற்குள் பெற்றவர்கள் உரிமை கோரி வராவிட்டால், தத்து கொடுக்க வழி உண்டு. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி தத்தெடுப்பவருக்குப் பொதுவாக 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும். பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். நீதிமன்றம் ஆணை தருமுன் பிள்ளை குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து அவர்கள் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். ஆணை வந்துவிட்டால் அது அவர்கள் பிள்ளை. சொத்திலும் உரிமை உண்டு.

"தெரிஞ்சவங்க கொடுத்தாங்க, வாங்கி வளர்த்தோம்" என்று பத்திரம் இல்லாமல் விடுவது அன்பு மாதிரித் தெரியும். ஆனால் 12 வயதில் மைகாட் எடுக்கப் போகும்போது அந்தப் பிள்ளைதான் கவுண்டரில் தவிக்கும். முறையாகக் கேட்டு வாங்கியவர்தான் நாயன்மார் ஆனார் என்பதை மறக்காதீர்கள்.

சமய வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணா, எனக்கு இருபது வயசுதான். நான் என்ன செய்ய முடியும்?"

நிறைய செய்யலாம். உங்கள் கிளையில் நாலு பேர் சேர்ந்து, இல்லப் பொறுப்பாளரின் அனுமதியோடு, வாரம் ஒரு நாள் டியூஷன் எடுங்கள். ஆரம்பித்தால் ஒரு வருஷமாவது நிறுத்தாதீர்கள். இடையில் காணாமல் போகிறவர்களை அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டார்கள். வீட்டில் "என்ன ரத்தமோ" என்று யாராவது சொன்னால், மரியாதையாக சுந்தரர் கதையைச் சொல்லுங்கள். பிள்ளை வளர்க்க மனசு உள்ள சித்தப்பா சித்தி, மாமா அத்தை இருந்தால் சமூகநல இலாகா அலுவலகத்துக்கு நீங்களே கூட்டிப் போங்கள். பாரம் நிரப்பக்கூட உதவி தேவைப்படும்.

உங்களுக்கும் ஒரு நாள் 25 வயது ஆகும், கல்யாணம் ஆகும், வீடு அமையும். அந்த வீட்டில் இன்னொரு தட்டு வைக்க இடம் இருக்கிறதா என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். இறைவன் துணையிருப்பான்.