அந்த ஒரு ‘அதர்’

முதலமடை மாம்பழம் பொள்ளாச்சியைவிட இனிப்பு என்று ஆங்கிலத்தில் எழுதி வந்தால் சிவப்பு மையால் சுழித்துவிடுவேன். பழத்தைப் பழத்தோடுதான் ஒப்பிட வேண்டும், ஊரோடு அல்ல. பேச்சில் இது செல்லும், கேட்கிறவர் விட்டதை நிரப்பிக்கொள்வார். ஆங்கில எழுத்தில் செல்லாது. கொல்லங்கோட்டில் ட்யூஷனுக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளிடம் நான் அதிகம் திருத்துவது இதைத்தான்.

இதைவிட நுட்பமானது ஆனைமுடி வாக்கியம். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி, கேரளத்தின் எந்த மலையையும்விட உயரம் என்று ஆங்கிலத்தில் எழுதினால் தப்பு. ஆனைமுடியும் கேரளத்து மலைதானே, தன்னைவிடத் தானே எப்படி உயரும்? ‘எனி மவுண்டன்’ போதாது, ‘எனி அதர் மவுண்டன்’ வேண்டும்.

சரி, ‘இருப்பவை எல்லாவற்றையும்விடக் கடவுள் பெரியவர்’ என்று ஒரு பிள்ளை எழுதினால்? ‘அதர்’ போட்டால் கடவுளும் வரிசையில் நிற்கிற ஒரு பொருளாகிவிடுகிறார். முதல் இடம், அவ்வளவுதான். போடாவிட்டால் அவர் இருப்பவற்றில் சேராதவர் என்றாகிறது. இதை வெறும் இலக்கணச் சிக்கலாக என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஜெர்மனியில் பிறந்த கார்டினல் கூசா நிக்கோலஸ் 1440இல் எழுதிய நூலில் இதைத் தொட்டார். தெரிந்ததோடு ஒப்பிட்டுத்தான் தெரியாததை அறிகிறோம், எல்லையற்றதோ எந்த ஒப்பீட்டுக்கும் சிக்காது என்றார். இருபது ஆண்டுக்குமேல் கழித்து அவர் கடவுளுக்குச் சூட்டிய பெயரே ‘வேறல்லாதது’. வள்ளுவர் அவருக்கு எவ்வளவோ முந்தியவர், ஏழாம் குறளிலேயே இறைவனுக்கு ஒப்புமை இல்லை என்று சொல்லிவிட்டார். கீதையின் பதினோராம் அத்தியாயத்தில் அர்ச்சுனன் இன்னும் ஒரு படி போகிறான்: நிகரானவரே இல்லை, மேலானவர் எங்கிருந்து வருவார்?

ஆனால் காச்சாங்குறிச்சி பெருமாள் கோயில் நடையில் நின்றுகொண்டே, “குருவாயூரப்பனுக்குத்தான் சக்தி கூடுதல்” என்கிறார்கள். அங்கேயும் விஷ்ணு, இங்கேயும் விஷ்ணு. ஆனைமுடியை ஆனைமுடியோடு அளக்கிற வேலை இது. இதே பேச்சு மதத்துக்கு மதம் என்று போகும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு பேர் கும்பிடுகிறதையும் அளக்கிற கோல் யார் கையில் இருக்கிறது?

அதற்காக ‘வேறு’ என்பதை அடியோடு அழிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. கும்பிட ஒருவர் வேண்டும், கும்பிடப்படுகிறவர் ஒருவர் வேண்டும். உயிர்கள் இறைவனுக்கு உடல் என்று இராமானுசர் சொன்னது அதனால்தான் எனக்குப் பிடிக்கிறது. பிரிக்கவும் முடியாது, இரண்டும் ஒன்றும் அல்ல. அங்கே வேறுபாடு உண்டு, போட்டி இல்லை.

பரீட்சையில் ‘அதர்’ போடத்தான் சொல்கிறேன், மார்க் போகக் கூடாது. கட்டுரை நோட்டில் கடவுளைப் பற்றி எழுதும்போது மட்டும், ‘பெரியவர்’ என்று பாசிடிவ் டிகிரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகச் சொல்கிறேன்.