வாசலுக்கு முன்னுள்ள இடம் யாருடையது?

இல்லறத்தார் பேண வேண்டிய ஒழுக்கத்தைப் பற்றி எழுதுங்கால், கொலை, களவு, பொய் முதலிய பெருங்குற்றங்களையே நாம் பெரிதும் பேசுகிறோம். அவற்றை மனத்தாலும் எண்ணாத நல்ல குடும்பத்தினரும் நாள்தோறும் சறுக்கக்கூடிய சிறிய இடம் ஒன்று உண்டு. அது அவரவர் வீட்டு வாசலுக்கு முன்னுள்ள தெரு. ஒரு சிறிய கார் நிற்பதற்கு வேண்டியது ஏறத்தாழ 70 சதுர அடி. அவ்வளவு இடத்தின் பொருட்டு அண்டை வீட்டார் பேச்சை முறித்துக்கொள்கின்றனர். சக்கரத்தின் காற்றை இறக்கிவிடுகின்றனர். இரவில் வண்டியின் மேல் ஆணியால் கீறுகின்றனர். காவல் நிலையம் வரை செல்வாரும் உளர். இதனை அற்பச் செய்தி என்று ஒதுக்கிவிடாமல், அறத்தைப் பற்றிய வினாவாகவே எடுத்து ஆராய்வோம்.

சட்டத்தின் விடை எளிது. பொதுத்தெரு பொதுமக்களுக்கு உரியது. வீட்டு மனைப் பத்திரத்தின் எல்லை தெருவோரத்தோடு முடிந்துவிடுகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 122ஆம் பிரிவில், பிறருக்கு ஆபத்தோ தடையோ மிகுந்த இடையூறோ நேரும் வகையில் பொது இடத்தில் வண்டியை விட்டுச் செல்லலாகாது என்கிறது. ஆகவே அடுத்த வீட்டின் வாயிலை அடைத்து வண்டி நிறுத்துவோர் பக்கம் சட்டம் இல்லை. ஆனால் தம் வாசலுக்கு முன் கல் நட்டுச் சங்கிலி கட்டுவோர் பக்கமும் சட்டம் இல்லை. சென்னையில் வீடுகளின் முன் அனுமதியின்றி வைக்கப்பட்ட ‘இங்கு வண்டி நிறுத்தாதீர்’ என்னும் பலகைகளும் மணல் மூட்டைகளும் பூந்தொட்டிகளும் உயர் நீதிமன்றம் வரை சென்றன. 2024 ஜூலையில் போக்குவரத்துக் காவல் துறை, அவற்றை அகற்றாவிடில் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அறிவித்தது. வீட்டுக்காரருக்கு உள்ளது வந்துபோகும் உரிமையேயன்றி, இடத்தின் மீதான உரிமை அன்று.

இவ்விடை அறிவுக்குப் பொருந்தினாலும் மனம் அமைதியடைவதில்லை. அதற்கும் காரணம் உண்டு. வைகறையில் எழுந்து அவ்விடத்தைப் பெருக்கி, நீர் தெளித்து, கோலமிடுபவர் வீட்டுப் பெண்மணி. மழைநீர் தேங்கினால் வடித்துவிடுவதும் அக்குடும்பமே. நம் உழைப்பு பட்ட இடம் நம்முடையது ஆகாதா என்னும் கேள்வி நேர்மையானதே. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரிலும் இதே கேள்வி எழுந்துள்ளது. பனி கொட்டும் நாளில் தெருவோரத்துப் பனியை அள்ளி வண்டிக்கு இடம் செய்தவர், அங்கே ஒரு நாற்காலியை வைத்துவிட்டுப் போவார். அவர் உழைப்பை மதித்து அந்நகர நிர்வாகம் அதற்கு இசைவளித்தது. ஆயினும் பனி நெருக்கடி நீங்கியபின் 48 மணி நேரம் மட்டுமே என்று வரையறை செய்தது. உழைப்புக்கு மதிப்பு உண்டு, அம்மதிப்புக்கு எல்லையும் உண்டு என்பதே இதன் பொருள். நம் கோலமும் இதனையே கூறுகிறது. அரிசிமாவால் இடும் கோலத்தை எறும்பு உண்ணும். வருவோர் போவோர் மிதிப்பர். நண்பகலுக்குள் அது கலைந்துவிடும். கோலமிட்ட எந்தத் தாயும் அதற்கு வேலி போட்டதில்லை.

வெம்பாக்கம், ஆரணிப் பகுதிகளின் நெசவுத் தெருக்களை அறிந்தோர்க்கு இதைவிட நெருங்கிய சான்று ஒன்று உண்டு. பட்டுப் பாவை வீட்டுக்குள் நீட்ட இயலாது. மூன்று சேலைக்குரிய பாவு எனில் ஏறத்தாழ 60 அடி நீளம் வரும். நான்கைந்து வீட்டு வாசல்களைக் கடந்தன்றி அதனை நீட்ட முடியாது. வெயில் ஏறுமுன் தெருவில் பாவை விரித்து, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சியிட்டு, உலர்ந்தபின் சுருட்டி எடுத்துக்கொள்வர். அந்நேரம் அண்டை வீட்டார் சுற்றிப் போவர், கைகொடுக்கவும் செய்வர். நாளை அவர் வீட்டுப் பாவு இவர் வாசலுக்கு முன் நீளும். ‘என் வாசல்’ என்று ஒருவர் தடுத்திருப்பின் தெரு முழுவதும் தறி நின்றிருக்கும்.

கோலம், பாவு, திருமணப் பந்தல், தேர் ஆகிய அனைத்துக்கும் நம் தெரு இடம் கொடுத்தது. அது கொடுத்தது இடத்தையன்று, காலத்தையே என்பதை நாம் உணர வேண்டும். வேலை முடிந்ததும் தெரு மீண்டும் எல்லோருக்கும் உரியதாயிற்று. காரின் சிக்கல் இங்கேதான் உள்ளது. அது நாளில் ஒரு மணி நேரம் ஓடி, எஞ்சிய 23 மணி நேரம் நிற்கிறது. பொது இடத்தை நாள் முழுதும் தமக்கென வைத்துக்கொள்வது, கேட்டுப் பெற்ற பயன்பாடு என்னும் நிலையைக் கடந்து உடைமையாகிவிடுகிறது. இல்லறத்தாரின் அணுவிரதங்களுள் கள்ளாமை என்பது, கொடுக்கப்படாததைக் கொள்ளாதிருத்தல் ஆகும். பிறர் பையில் கைவிடாதவர் அனைவரும் அவ்விரதத்தை நிறைவாகக் காத்தவர் ஆகிவிடுவாரா? தெருவை எவரும் எவருக்கும் கொடுக்கவில்லையே!

எனினும் வண்டி வைத்திருப்போரைக் குற்றவாளிகளாக்கி முடிப்பது நீதியன்று. திண்ணையும் தெருவும் ஒட்டியிருக்கும் பழைய வீடுகள், கார் என்பதே அறியாக் காலத்தில் கட்டப்பட்டவை. முதிய பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவே வண்டி வாங்கிய பிள்ளைகளும் இருக்கின்றனர். அவர்தம் தேவை உண்மையானது. ஆனால் தேவை உண்மையாயிருப்பதால் அதன் சுமையை அடுத்த வீட்டார் தாங்க வேண்டும் என்று ஆகிவிடாது. ஜப்பான் நாட்டில் 1962இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, கார் வைத்திருப்போர் அதனை நிறுத்தத் தெருவல்லாத இடம் ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டும். சான்று காட்ட வேண்டும் என்பதும் பெரும்பாலான ஊர்களில் விதி. வண்டியின் விலையோடு அது நிற்கும் இடத்தின் விலையும் சேர்ந்ததே அதன் உண்மை விலை. நாம் பொருளுக்கு அளவு வகுத்துக்கொள்வதாகக் கூறும் விரதமும் இவ்வாறே கணக்கிடப்பட வேண்டும். இரண்டாவது வண்டியை வாங்குமுன் முதல் வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்தல் நலம்.

ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்கு நாம் வலியுறுத்தி வந்த செய்தி ஒன்று இங்கும் பொருந்தும். வகுப்பில் ஒரு மாணவன் ஒரே இடத்தில் ஆண்டு முழுதும் அமர்ந்தால், பலகையில் தன் பெயரைச் செதுக்கிவிடுவான். முறை வைத்து இடம் மாற்றினால் செதுக்கும் எண்ணமே தோன்றாது. இடம் போதாத தெருவிலும் வீட்டார் கூடி முறை வகுத்துக்கொள்ளலாம். ஊர்ப் பொது மைதானத்தையோ காலி மனையையோ உரியவரிடம் அனுமதி பெற்று, வாடகை பகிர்ந்து, வண்டிகளை அங்கே நிறுத்தலாம். 108 ஊர்தி நுழையும் அளவு வழி எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுத்தல் கூடாது.

இடையூறுக்கு ஆளானவரின் கடமை யாது? பொறுமை என்ற பெயரில் வாய்மூடியிருந்து, உள்ளே சினத்தை வளர்ப்பது அகிம்சையாகாது. அச்சினமே ஒருநாள் ஆணியாக மாறி வண்டியைக் கீறுகிறது. முதல் நாளே, முகம் பார்த்து, ‘எங்கள் வாசலில் வழி வேண்டும், ஐயா’ என்று கேட்டுவிடுதல் இருவர்க்கும் நன்று. கேட்கப்பட்டவரும் அதனைப் பழியாகக் கொள்ளாமல் உடனே வண்டியை எடுத்தல் வேண்டும். பிள்ளைகள் இரு வீட்டுப் பெரியோரையும் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். நம் இல்லங்களில் இதனைக் குறித்துப் பேசி, அவரவர் தெருவுக்கேற்ற முறையொன்றை வகுத்துக்கொள்வோமாக.