சாக்ரடீஸ் யாரை மதித்தார்?

கி.மு. 399இல் ஏதென்ஸ் நகரத்து நடுவர்கள் சாக்ரடீசுக்கு மரண தண்டனை விதித்தார்கள். தெய்வங்களை மதிக்காததும் இளைஞர்களைக் கெடுத்ததும் அவர்மேல் எழுதப்பட்ட குற்றங்கள். எழுதப்படாத குற்றம் ஒன்றும் இருந்தது. அதை அவரே தம் வாதுரையில் விளக்குகிறார். அரசியல்வாதிகள், கவிஞர்கள், கைவினைஞர்கள் என்று வரிசையாகப் போய், தெரியும் என்று அவர்கள் நினைத்திருந்தது அவர்களுக்குத் தெரியவில்லை என்று காட்டினார், பகை வளர்ந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் கூடவே வந்து அதைக் கேட்டு மகிழ்ந்தார்கள், பிறகு தாங்களும் பெரியவர்களிடம் அதையே செய்து பார்த்தார்கள். நாலு பேர் முன்னிலையில் இன்னொருவரின் அறியாமையை உரித்துக் காட்டியவர் அந்த மனிதரை மதித்தாரா? சாக்ரடீஸ் எதையும் எழுதி வைக்கவில்லை. நம் கையில் இருப்பது பெரும்பாலும் பிளேட்டோ தீட்டிய சாக்ரடீஸ். அன்பு மாறாத மாணவரின் சாட்சியம் அது. ஆகவே அதில் ஆசானுக்கு எதிராக ஏதேனும் தென்பட்டால் அதற்குக் கனம் அதிகம்.

மதித்தார் என்பவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. ஊரார் சொல்வதை விட்டுவிட்டு நீ என்ன நினைக்கிறாய் என்றுதான் அவர் எவரிடமும் கேட்டார். முகத்துக்காகத் தலையாட்டுவது எதிராளியைக் குழந்தையாக்குவது; காரணம் கேட்பது அவரைப் பொறுப்புள்ள மனிதராக நடத்துவது. பிறர் பிழையைத் திருத்துவதைவிடத் தம் பிழை திருத்தப்படுவதே பெரிய நன்மை என்று ‘கோர்கியாஸ்’ உரையாடலில் சொல்கிறார். ‘தியாயீட்டஸ்’ உரையாடலில், இறந்துபோன சிந்தனையாளர் புரோட்டகோரஸ் இருந்திருந்தால் எப்படி மறுத்திருப்பார் என்று அவர் சார்பில் தாமே வாதாடி, தம்மையே கடிந்துகொள்கிறார். ஆணவக்காரர் செய்யும் வேலையில்லை இது. ஆனால் இந்த வாதத்துடன் ஒட்டிக்கொண்டு வரும் இன்னொன்று நிற்காது: உண்மையைத் தேடும் விசாரணையில் வலி தவிர்க்க முடியாதது, சாக்ரடீசுக்கு வேறு வழியில்லை என்பது. வேறு வழி இருந்தது. அவர் நஞ்சருந்திய நாளில், ஆன்மா அழியாது என்ற அவருடைய வாதத்தை நண்பர்கள் சிம்மியாசும் செபசும் கடுமையாக மறுத்தார்கள். அந்த மறுப்புகளை அவர் எவ்வளவு கனிவோடும் பாராட்டோடும் ஏற்றுக்கொண்டார் என்பதை அன்று உடனிருந்த ஃபேடோ வியந்து சொல்கிறார். என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், உண்மையைப் பாருங்கள் என்றே அவர்களிடம் கேட்டுக்கொண்டார். வாதம் துளியும் நீர்த்துப்போகவில்லை. யாரும் சிறுமைப்படவும் இல்லை. அப்படியானால், வாதத்துக்கு வந்த தெராசிமாக்கஸ் வியர்த்து முகம் சிவக்கும்வரை துரத்தப்பட்டதும், பக்தியெல்லாம் தெரிந்தவன் என்று தன்னை நினைத்த யூதிஃப்ரோவிடம் ‘என்னைச் சீடனாக ஏற்றுக்கொள்’ என்று ஏளனமாகச் சொன்னதும் முறையின் கட்டாயத்தால் வந்தவை அல்ல. அவை தேர்வுகள்.

செருக்குள்ளவர்களுக்கு அது வேண்டியதுதான் என்று சொல்லலாம். பாதி சரி. பிறருடைய வாழ்வைத் தீர்மானிக்கும் இடத்தில் இருந்துகொண்டு பொய்யான உறுதியோடு பேசுபவரை உலுக்குவது, அந்த உறுதியால் நசுங்கப்போகிறவர்களுக்குச் செய்யும் மரியாதை. ஆனால் எந்தச் செருக்கும் இல்லாதவர்கள் முன்னால் சாக்ரடீஸ் எப்படி இருந்தார்? ‘மெனோ’ உரையாடலில், தம்மோடு பேசும் மெனோவின் அடிமைச் சிறுவன் ஒருவனை அழைத்து, இரண்டடிப் பக்கமுள்ள சதுரத்தின் பரப்பை இருமடங்காக்கச் சொல்கிறார். சிறுவன் நாலடி என்கிறான், பிறகு மூன்றடி என்கிறான், கடைசியில் மூலைவிட்டத்தைக் கண்டுகொள்கிறான். தனக்குத் தோன்றுவதையே சொல்லும்படி அவனையும் கேட்டது உயர்ந்த செயல். அடிமைக்கும் அதே அறிவு என்று காட்டிய செயல். ஆனால் பாடத்தின் நடுவே, இவனைத் திகைக்க வைத்ததில் இவனுக்கு ஏதும் கேடு உண்டா என்று மெனோவிடம்தான் கேட்கிறார். அவன் பக்கத்திலேயே நிற்கிறான். அவனுக்குப் பெயர் தரப்படவில்லை. இத்தகைய அறிவுள்ளவன் ஏன் அடிமையாக இருக்க வேண்டும் என்ற கேள்வியும் எழவில்லை. சிறைச்சாலையில், நண்பர்களோடு பேசுவது உனக்கு இதுதானே கடைசி என்று கைக்குழந்தையோடு கதறிய மனைவி சாந்திப்பியை, யாராவது இவளை வீட்டுக்கு அழைத்துப் போகட்டும் என்று நண்பர் கிரிட்டோவிடம் சொல்லி அனுப்பிவிடுகிறார். மாலையில் வீட்டுப் பெண்களையும் மூன்று பிள்ளைகளையும் வரவழைத்துப் பேசினார் என்பதையும் சொல்லவேண்டும். சிறைக் காவலன் அழுதபோது அவனைப் பற்றி அன்பாகப் பேசினார் என்பதையும்தான். மனம் வறண்டவர் அல்ல அவர். ஆனால் அவருடைய முழுக் கவனம், வாதத்தோடு வந்தவர்களுக்கே கிடைத்தது. கண்ணீரோடு வந்தவர்களுக்கு அதில் மிச்சம்தான்.

சலாமிசைச் சேர்ந்த லெயோனைக் கொல்வதற்காகப் பிடித்துவர, அப்போது ஏதென்ஸை ஆண்ட முப்பது கொடுங்கோலர்கள் ஆணையிட்டபோது மறுத்தாரே என்பது வலுவான எதிர்வாதம். உயிரைப் பணயம் வைத்த மறுப்பு அது, ஐயமில்லை. ஆனாலும் அவர் சொல்லும் காரணத்தைக் கவனிக்க வேண்டும்: அநீதியான செயலைத் தாம் செய்துவிடக் கூடாது என்பது. அவரோடு ஆணை பெற்ற மற்ற நால்வரும் சலாமிசுக்குப் போய் லெயோனைக் கொண்டுவந்தார்கள். சாக்ரடீஸ் வீட்டுக்குப் போனார். தம் கை அழுக்காகாமல் காப்பதும், எதிரில் இருப்பவனின் உயிருக்காகத் துடிப்பதும் ஒன்றாகிவிடா.

இதெல்லாம் இன்றைய அளவுகோல், அந்தக் காலத்தவரிடம் எதிர்பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு யூதிஃப்ரோவே பதில். நாக்சஸ் தீவில், குடிபோதையில் வீட்டு அடிமை ஒருவனைக் கொன்ற கூலியாளை யூதிஃப்ரோவின் தந்தை கைகால் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டுக் கவனிக்காமல் விட்டார். பசியிலும் குளிரிலும் அவன் செத்தான். மகன் தந்தைமேல் வழக்குத் தொடுத்தான். செத்தவன் உன் உறவினனாகத்தான் இருப்பான், அயலானுக்காக இப்படிச் செய்வாயா என்கிறார் சாக்ரடீஸ். அயலான் உறவினன் என்ற பேதம் எதற்கு, கொன்றது நியாயமா என்றுதான் பார்க்க வேண்டும் என்கிறான் யூதிஃப்ரோ. அந்த வழக்கில் சிக்கல்கள் உண்டு, யூதிஃப்ரோ தற்பெருமைக்காரன், சாக்ரடீசின் தயக்கத்துக்கு நியாயமும் உண்டு. ஆனால் அதே நூற்றாண்டில், அதே நகரத்தில், அந்தச் சொல்லைச் சொல்ல ஒருவனால் முடிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்விகூடக் கேட்காமல், பக்தி என்றால் என்ன என்ற வரையறைக்கு நகர்கிறார் சாக்ரடீஸ். உரையாடல் முடியும்போதும், பக்தி இன்னதென்று தெளிவாகத் தெரியாமல் ஒரு கூலியாளுக்காக வயதான தந்தைமேல் கொலைவழக்குப் போடத் துணிந்திருக்க மாட்டாயே என்றுதான் அவனிடம் சொல்கிறார்.